நகல்: மனிதவளப் பிரிவுக்கு

ஜூன் 10, திங்கள்

இன்று மீட்டிங்கில் தோற்றுப்போனேன். நாளைக்கு யாராவது "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே சாருமதி" என்று கேட்டால் காட்டுவதற்கு இது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஸ்டோர்ஸில் யாரோ கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு புதுப் படத்தை இறக்கப் பார்த்திருக்கிறார்கள். படத்தோடு வைரஸும் இறங்கிவிட்டது. பில் போட முடியாமல், துறைமுகத்துக்குப் போக வேண்டிய வால்வுப் பெட்டிகள் லாரியிலேயே கிடந்தன. எம்.டி. விஜயமோகன் சாருக்கு வந்த கோபத்தில் காபியைக் கூடத் தொடவில்லை.

"இனிமே யார் எதைப் பார்க்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். யார் எடுத்துக்கறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் பொன்னுரங்கம் எழுந்துவிட்டார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் செக்யூரிட்டி ஆபீசர். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"வெளிய போற ஒவ்வொரு பையையும் நான் திறந்து பார்க்கறனுங்க. கம்ப்யூட்டரும் ஒரு கேட்டுதானுங்க. அதையும் நானே பார்த்துக்கறேன்."

நான் சொன்னேன், வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "சார், பைக்குள்ள இரும்பு இருக்கான்னு பார்க்கறது வேற, ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு பார்க்கறது வேற. அவங்க தேடறது வீட்டு விஷயமா இருக்கலாம், நோயா இருக்கலாம். கூப்பிட்டு உட்கார வெச்சு விசாரிக்கணும். வெளிய தெரியாமப் பார்த்துக்கணும். அது எச்.ஆர். வேலை."

எம்.டி. சிரித்தார். "நீங்க விசாரிச்சா விசாரிச்சுட்டே இருப்பீங்க. ஆளுகளுக்குப் பயம் வரணும். ரங்கம் பார்க்கட்டும். ரிப்போர்ட்ல உங்களுக்கு ஒரு நகல் வரும்."

பதினேழு வருடம் இந்தக் கம்பெனியில். எனக்கு ஒரு நகல்.

மேனேஜர்களின் கம்ப்யூட்டர்கள் கண்காணிப்பில் வராது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். அதற்கு மட்டும் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மோட்டார் காயில் போய்விட்டது. மாடிக்குத் தண்ணீர் இல்லை. என் மகள் ஆதிரை குளிக்காமலே டியூஷன் நண்பர்களோடு சினிமாவுக்குப் போனாள். ப்ளஸ் டூ முடிந்த பெண்ணை என்ன சொல்ல முடிகிறது.

ஜூலை 1, திங்கள்

முதல் ரிப்போர்ட் வந்தது. எனக்கு நகல். பொன்னுரங்கம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதைத்தான் எழுத வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் நின்று, பட்டாளத்தில் பெயர் கூப்பிடுவது மாதிரி வாசித்தார். யார், எந்த சைட், எத்தனை மணி நேரம். தரப்பிரிவு மாணிக்கவாசகம் முறை வந்தது. ஐம்பது வயது, இரண்டு வருடத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தவர். அவர் பார்த்தது மறுமணத்துக்கு வரன் தேடும் சைட். கேண்டீனே சிரித்தது. யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். அவர் ரசம் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்று மணிக்கு என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், நான் பார்த்தது தப்புத்தான். இனிமே பார்க்க மாட்டேன். ஆனா என் புள்ளைங்க வயசுப் பசங்க முன்னாடி... அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"புகாரா எழுதிக் குடுங்க. நான் எம்.டி. டேபிளுக்குக் கொண்டு போறேன்."

"எழுதறதெல்லாம் வேண்டாமுங்க. எழுதினா இன்னும் நாலு பேர் படிப்பாங்க."

"எழுத்துல இல்லாம நான் எதுவும் செய்ய முடியாதுங்களே."

கும்பிட்டார். போய்விட்டார்.

பொன்னுரங்கத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் திருத்திக்கொள்வார். திருத்திக்கொண்டால் அந்த ஏற்பாடே சரி என்று ஆகிவிடும். இன்னும் இரண்டு மூன்று இப்படிச் சேரட்டும்.

ஜூலை 4, வியாழன்

கொள்முதல் பிரிவிலிருந்து தமயந்தி வந்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் நேர்காணல் செய்து எடுத்த பெண். கணக்கில் புலி, பேச்சில் பூனை என்று அவள் மேலாளர் சொல்வார். கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். கணவன் ஜெகன் பைக் ஷோரூம் ஒன்றில் விற்பனையில் இருக்கிறான். பார்க்க லட்சணமாக இருப்பான்.

"மேடம், அவசரத்துக்குக் கூப்பிடற நம்பர்னு என் பேர்ல அவரோட நம்பர் இருக்கும். அதை எடுத்துட்டு என் ஃபிரெண்ட் ரெஜினா நம்பரைப் போடணும். முடியுங்களா?"

"முடியும். எதுக்கும்மா?"

"அவர் நிறைய நேரம் எடுக்கறதில்லைங்க மேடம்."

ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஏ.சி. குளிர் என்று சொல்வாளாம். அவள் சீட்டுக்கு மேலே இருக்கும் ஏ.சி. கோடையிலிருந்தே ஓடவில்லை. ரிப்பேருக்கு எழுதிய குறிப்பில் கையெழுத்துப் போட்டவளே நான்தான்.

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்க வாய்வரை வந்தது. அவளாகச் சொல்லாதபோது நாமாகக் கிளறுவது நாகரிகமில்லை. 'நாளைக்கு மாத்திடறேன்' என்று சொல்லி நம்பரை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன்.

கதவுவரை போனவள் திரும்பினாள். "அந்த ரிப்போர்ட்ல... என்னெல்லாம் தெரியும் மேடம்? என்ன பார்த்தோம்னு முழுசாத் தெரியுமா?"

"அது செக்யூரிட்டி டிபார்ட்மெண்ட். அவங்களைத்தான் கேட்கணும்."

"நீங்க பார்க்க மாட்டீங்களா?"

"எனக்கு நகல்தாம்மா."

ஜூலை 8, திங்கள்

இனி வாரா வாரம் ரிப்போர்ட் என்று பொன்னுரங்கம் முடிவு செய்துவிட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

தமயந்தியின் பெயர் இருந்தது. மதிய இடைவேளையிலும், சாயங்காலம் பஸ் வரும்வரையிலும் பார்த்தவை. வேலை பார்க்கும் பெண்கள் விடுதி. குடும்ப நீதிமன்றம். பெண்களுக்கான உதவி எண். குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவன் வீட்டைவிட்டு வெளியே வந்தால் பொருட்களைத் திரும்பப் பெறுவது எப்படி. காதுக்குள் தொடர்ந்து இரைச்சல் கேட்டால் என்ன செய்வது.

இதை வீட்டில் உட்கார்ந்து தேட முடியாது. அதனால்தான் இங்கே தேடியிருக்கிறாள். ஒரு குழந்தைக்கும் புரியும். பொன்னுரங்கத்துக்குப் புரியுமா என்பது அவர் பாடு.

அவரைக் கூப்பிட்டு இதை என்னிடம் விடுங்கள் என்று சொல்லலாமா என்று போனை எடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? 'எச்.ஆர். ஆளுகளைக் காப்பாத்துது' என்று எம்.டி.யிடம் போவார். பொம்பளைக்குப் பொம்பளை பரிந்து பேசுகிறாள் என்பார்கள். அதிகாரம் அவருக்கு, பழி எனக்கா? போனை வைத்துவிட்டேன்.

ஒரு தடவை அடிபட்டால்தான் எம்.டி.க்குப் புரியும். சொல்லிப் புரிகிற ஆள் இல்லை அவர்.

ஜூலை 9, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். ஆதிரைக்குப் போன வருட கட்-ஆஃப் எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எடுத்தேன், காலை முழுவதும் அதற்கே போய்விட்டது. இரண்டு பேரின் அவசரத் தொடர்பு எண்கள் வேண்டும் என்று பொன்னுரங்கம் மெயில் அனுப்பியிருந்தார். சிஸ்டத்தில் இருந்ததை அப்படியே எடுத்து அனுப்பினேன். நேற்று அரைக்கக் கொடுத்த மாவு புளிக்கவில்லை, சாயங்காலம் இட்லி கல்லு மாதிரி வந்தது.

ஜூலை 10, புதன்

காலை பதினொரு மணிபோல் பொன்னுரங்கம் என் அறைக்கு வந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"கேண்டீன்ல படிக்கறது சரியில்லைன்னு எனக்கே தோணுச்சுங்க மேடம். அந்த மாணிக்கவாசகம் அன்னைக்கு ரசஞ் சோத்தை வெச்சுட்டு எந்திரிச்சது மனசை அறுத்துருச்சு. அதான் இந்தத் தடவ வீட்டுக்குப் போன் பண்ணிப் பதனமாச் சொல்லீட்டேன்."

"யார் யாருக்கு?"

"அசெம்பிளிப் பையன் ஒருத்தன் கிரிக்கெட்ல பணம் கட்டிட்டு இருந்தானுங்க. அவங்கப்பா போன்லயே அழுதுட்டாரு, நல்லவேளை சொன்னீங்கன்னாரு. அப்புறம் நம்ம தமயந்திப் பொண்ணு."

நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோர்ட்டு, ஹாஸ்டலுன்னு தேடிட்டு இருக்குதுங்க. சின்னஞ்சிறுசுக, ஏதோ கோவம். குடும்பம் உடைஞ்சரக் கூடாது பாருங்க. என் பொண்ணா இருந்தா எனக்கு யாராச்சும் சொல்லோணும்னு நெனைப்பேன். அதான் புருஷனுக்கே கூப்பிட்டு, இந்தமாதிரிங்க தம்பி, கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கன்னு சொன்னேன். ரொம்ப மருவாதியாப் பேசுனாருங்க. 'நன்றிங்க சார், இனி நான் பார்த்துக்கறேன்'னாரு."

"உங்க அதிகாரம் சார்," என்றேன்.

அவர் கொஞ்சம் நின்று பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தாரோ என்னவோ. போய்விட்டார்.

என் அறைக் கண்ணாடி வழியே பார்த்தால் கொள்முதல் பிரிவு தெரியும். தமயந்தி ஹெட்போனை ஒரு பக்கக் காதில் மட்டும் வைத்து யாரிடமோ ஸ்டீல் விலை பேசிக்கொண்டிருந்தாள். மதியம் கேண்டீனில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு டீ எடுக்க வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு.

ஆதிரைக்குச் செருப்பு வாங்கப் போனோம். அவள் கேட்ட கலர் கிடைக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

தமயந்தி வரவில்லை. தகவலும் இல்லை. அவசரத் தொடர்பு நம்பரை மாற்றிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஜெகன் போன் செய்தான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க மேடம். ஒரு வாரம் லீவு வேணும்." பணிவான குரல். மருத்துவ விடுப்பு என்று போட்டுக்கொள்கிறேன் என்றேன். சான்றிதழ் கொண்டு வரச் சொன்னேன்.

வேறு என்ன கேட்டிருக்க முடியும்?

ஜூலை 13, சனி

மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். நான், பொன்னுரங்கம், எம்.டி.யின் செயலாளர் மூவரும் கீழே ரிசப்ஷனில் இருந்தோம்.

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து அவளை வெளியே எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமையிலிருந்து உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. தாடை பெயர்ந்திருக்கிறது. இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்கிறாராம். அவளை ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறார்கள். அவனைப் பிடித்துவிட்டார்கள்.

எஸ்.ஐ. அம்மா யாரையும் பார்க்காமல் கேட்டார். "ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி உன் பொண்டாட்டி கோர்ட்டுக்குப் போகப் பார்க்கறான்னு சொன்னாங்கன்னு அந்தாளே சொல்றான். என்னமோ நியாயம் கிடைச்ச மாதிரி சொல்றான். யாருங்க போன் பண்ணது?"

"நான்தானுங்க," என்றார் பொன்னுரங்கம். யோசிக்கவே இல்லை. அட்டென்ஷனில் நின்றார்.

"நீங்க யாரு அவங்களுக்கு? அப்பாவா? சித்தப்பாவா?"

"யாருமில்லைங்க."

"நம்பர் எப்படிக் கெடைச்சுது?"

நான் ரிசப்ஷன் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பொன்னுரங்கம் என் பக்கம் திரும்பவில்லை. "ஆபீஸ்ல இருந்துச்சுங்க," என்றார்.

என்னைக் காப்பாற்றினார் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேளை வரும்போது எடுத்து வீசலாம் என்று கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 16, செவ்வாய்

கம்பெனி சார்பில் ஜி.எச். போய் வந்தேன். ஆப்பிள், ஹார்லிக்ஸ். தாடையில் கம்பி கட்டியிருக்கும் பெண்ணுக்கு ஆப்பிள் வாங்கிப் போயிருக்கிறோமே என்பது அங்கே போனபின்தான் உறைத்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

முகம் அடையாளம் தெரியவில்லை. ரெஜினா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி பல்லைக் கடித்தபடி பேசுகிறாள். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"மேடம். நம்பரை மாத்தச் சொல்லியிருந்தேனே."

"சிஸ்டத்துல அப்டேட் ஆகலைம்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"மாத்தியிருந்தா ரெஜினாவுக்குப் போயிருக்கும்."

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தலைமாட்டில் எடுத்து வைத்தேன்.

"உங்களுக்கு நகல் வரும்னு சொன்னீங்க. பார்த்தீங்களா மேடம்?"

"வேலை நெருக்கடிம்மா. எல்லாத்தையும் படிக்க எங்கே நேரம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலியாக இருக்கும்.

வெளியே வராந்தாவில் பொன்னுரங்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தினமும் டியூட்டி முடித்து வந்து பார்வையாளர் நேரம் முடியும்வரை இருக்கிறாராம். உள்ளே போவதில்லையாம். மருந்து வாங்க வேண்டுமென்றால் ரெஜினா வெளியே வந்து சீட்டைக் கொடுப்பாளாம்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா. எனக்கு ராணுவத்துல சொல்லிக் குடுத்தது எல்லாம் வெளிய இருந்து வர்றவனைப் பத்தித்தான். வீட்டுக்குள்ள இருக்கறவனைப் பத்தி எனக்குத் தெரியலீங்க. அந்த லிஸ்டைப் பார்த்து எனக்குப் புரியல. உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"நான் பார்க்கவே இல்லை சார்."

"அன்னைக்கு மீட்டிங்ல நீங்க சொன்னது சரிதானுங்க," என்றார். "வீட்டு விஷயமா இருக்கலாமுன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல."

எவ்வளவு தந்திரமான ஆள்.

ஜூலை 22, திங்கள்

மீட்டிங். ஒரு பத்திரிகைக்காரர் கேட்டில் வந்து நின்றதில் எம்.டி. ஆடிப்போயிருக்கிறார்.

"இது யார் வேலைன்னு இப்பச் சொல்லுங்க. எனக்கு ஒரு பேர் வேணும்."

போன மாதம் இதே மேஜையில் இரண்டு பேர் முந்திக்கொண்டோம். இன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பொன்னுரங்கம்தான் எழுந்தார்.

"போன் பண்ணது நான். தப்பு என்னுதுங்க. எழுதிக் குடுத்துடறேன்."

"நம்பர் குடுத்தது?" எம்.டி. என்னைப் பார்த்தார்.

"செக்யூரிட்டியிலிருந்து மெயில் வந்துச்சு சார். நடைமுறைப்படி அனுப்பினேன். எதுக்குன்னு அவங்க சொல்லலை. அதிகாரம் அவங்களுதுன்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க. இது மனுஷங்க விஷயம், எச்.ஆர். பார்க்கணும்னு அன்னைக்கே சொன்னேன். மீட்டிங் குறிப்புல இருக்கும்."

குறிப்பில் இருந்தது. எம்.டி. படித்துப் பார்த்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் ஜூன் மாதச் சிரிப்பு இல்லை.

இனி எல்லாம் எச்.ஆர். கையில். பொன்னுரங்கம் அதிகாரி இல்லை. வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடியும்வரை மெயின் கேட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தார்கள்.

கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்கள். "அந்தப் பொண்ணு திரும்ப வந்தா ஒவ்வொரு நாளும் இதே பேச்சுத்தான். வக்கீல் வேற பயமுறுத்தறார். நீங்க பக்குவமாப் பேசி முடிங்க சாருமதி. பொம்பளைங்க பேசினாத்தான் சரியா வரும்."

ஜூலை 25, வியாழன்

ஜி.எச். போய்த் தமயந்தியிடம் பேசி முடித்தேன். ராஜினாமா என்று நான் சொல்லவே இல்லை. 'கொஞ்ச நாள் ஒதுங்கி இரு, உடம்பைத் தேத்திக்கோ, அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் ஆரம்பித்தேன்.

"எனக்கு வேலை வேணும் மேடம். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

"வேலை நேரத்துல சொந்த உபயோகம்னு உன் பேர்ல ஒரு ரிப்போர்ட் இருக்கும்மா. அது விசாரணைக்கு வந்தா நீக்கம்னு ஆயிடும். நீக்கம்னு எழுதினா வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க. நீயா எழுதிக் குடுத்தா நல்ல சர்டிபிகேட் தர்றேன். உன் நல்லதுக்குத்தான்."

"சாப்பாட்டு நேரத்துலதான் பார்த்தேன்."

"தெரியும்மா."

தெரியும் என்று சொல்லியிருக்கக் கூடாது. ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. ரெஜினா கவனித்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். பெயர் முடிவதற்குள் தாள் ஓரத்துக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம். ஆதிரைக்கு நினைத்த கல்லூரி கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். வீடு நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

புதிய இணைய விதிமுறையை நானே முழுசாக எழுதினேன். கேண்டீனில் வாசிப்பது இல்லை. வீட்டுக்குப் போன் இல்லை. ஒட்டிய கவரில் எச்சரிக்கை, என் அறையில் வைத்து, தனியாக. நாகரிகமாக இருக்கிறது என்று எம்.டி. பாராட்டினார். ஒரே மாதத்தில் சொந்த உபயோகம் பாதிக்கு மேல் குறையும் என்று நம்புகிறேன். என் அறைக்கு வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறார்கள்.

தடை செய்ய வேண்டிய பிரிவுகளை ஐ.டி.க்கு அனுப்பினேன்: சினிமா, சூதாட்டம், விளையாட்டு, வரன் தேடுதல். யோசித்துவிட்டு விடுதிகள், குடும்ப நீதிமன்றம், பெண்கள் உதவி மையங்கள் என்றும் சேர்த்தேன். ஐ.டி.யில் இருக்கும் பெண் போன் செய்து, "மேடம், இதையுமா? தெரியாம டைப் பண்ணிட்டீங்களோன்னு கேட்டேன்" என்றாள்.

"தெரிஞ்சுதான். இங்கே தேடினதாலதானே அவ்வளவும் வந்துச்சு. தேடவே முடியலைன்னா யாருக்கும் பிரச்சினை இல்லை."

அவள் சரி என்றாள். கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாணிக்கவாசகம் வேலையை விட்டுவிட்டார். காரணம் எழுதவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. மார்க்கெட்டில் எருக்கம்பூ மாலைக்கு அடிதடி.

தமயந்தி சர்டிபிகேட் வாங்க வந்தாள். கைக்கட்டு பிரித்துவிட்டார்கள், விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. இடது பக்கம் நின்று பேசினால் திரும்பிப் பார்க்கிறாள். டீ சொன்னேன். வேண்டாம் என்றாள். கவரைப் பிரித்து, நின்றபடியே நான் எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தாள். 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று எழுதியிருந்தேன்.

"அவர் ஜாமீன்ல வந்துட்டாருங்க மேடம். காலைலதான் தெரிஞ்சுது. ரெஜினா வீடு அவருக்குத் தெரியும். இன்னைக்கே வேற இடம் போகணும். லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு பார்த்து வெச்சிருந்தேன், பேரு ஞாபகம் வரமாட்டேங்குது. போனை அவர் உடைச்சுட்டாரு, புதுசு இன்னும் வாங்கலை. உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷம் பார்த்துக்கட்டுமா?"

என் கம்ப்யூட்டரில் எல்லாம் திறக்கும். மேனேஜர்களுக்குத் தடை கிடையாது. ஆனால் விதியை எழுதியவளே, வேலையை விட்டுப்போன ஒருத்தியை உட்கார வைத்து, தடை செய்த ஒன்றைத் திறந்து காட்டினால் நாளைக்கு நான் யாரை எதற்குக் கேட்க முடியும்? ஒருத்திக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டும்.

"அதெல்லாம் இப்போ பிளாக் பண்ணிட்டோம்மா. ஓபன் ஆகாது."

"உங்களுதுலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவள் என் திரையைப் பார்த்தாள். அதில் ஆதிரையின் கல்லூரி ஹாஸ்டல் அறைகளின் படம் திறந்தபடி இருந்தது. நான் மூட மறந்திருக்கிறேன்.

"வரேன் மேடம்," என்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டில் பொன்னுரங்கம் அவளைக் கண்டதும் கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. முதலில் அவள் தள்ளித்தான் நின்றாள், அவர் அருகில் வர முயலவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் ஏதோ கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தேடினார். பிறகு போனையே அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை முதுகைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். ஒரு லாரி உள்ளே வர ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை. ஆட்டோவை நிறுத்தி, நம்பரைக் குறித்துக்கொண்டு, அவளை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார்.

பணி நேரத்தில் செல்போன் உபயோகம், வாகனம் நுழைவதில் தாமதம் என்று மெமோ தயார் செய்து நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் நின்றபடியே படித்தார்.

"எந்த ஹாஸ்டல்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதை யாருகிட்டயும் சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கறனுங்க மேடம்."

பேனாவைக் கேட்டு வாங்கி, மெமோவின் அடியில் 'ஆம், செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வருத்தம் தெரிவிக்கவில்லை. திங்கட்கிழமை அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.